சொதி வாளி

பாளையங்கோட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் ஓட்டலில் போன வாரம் துணிந்து சொதி கேட்டேன். மூக்கு நீண்ட சின்னப் பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் கலந்த அந்தக் குழம்பின் மணம் ஏறியதும் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். சொதி மணத்துக்குப் பயப்படுகிற ஒரே திருநெல்வேலிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடும் விருந்தில் சொதிதான் ராஜா. அக்கா கல்யாணத்தின்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பரிமாறியது எல்லாம் சொந்தக்காரர்கள். சொதி வாளி சித்தப்பா கையில். கனத்த பித்தளை வாளி. நிறைத்துவிட்டால் எனக்கெல்லாம் தூக்க வராது. அவர் அதை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டு கரண்டி விடுதேன், பைய சாப்பிடுங்க" என்று இலை இலையாகப் போவார்.

மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு வாய் வைத்தார். "என்னவே இது, சொதியா கழனித்தண்ணியா?"

அப்பா ஓடிப்போய்க் கும்பிட்டார். "அண்ணாச்சி, குறை இருந்தா உள்ள வந்து சொல்லுங்க."

தாய்மாமா எழுந்து, எச்சில் கையாலேயே அப்பாவை அறைந்தார். அப்பாவின் கண்ணாடி பக்கத்து இலையில் போய் விழுந்தது.

"எங்கண்ணன் மேலயா லே கை வைக்கே?" சித்தப்பா வாளியை ஓங்கி வீசினார். தாய்மாமாவுக்குப் படவில்லை. தடுக்கப் பாய்ந்த புது மாப்பிள்ளையின், எங்கள் அத்தானின், இடது காதில் இறங்கியது. கொதிக்கிற சொதியும் ரத்தமும் பட்டு வேட்டியில் வழிந்தன. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். நாற்காலிகள் பறந்தன. ஒருவர் பல் போயிற்று. என் பங்குக்கு நானும் ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பார்த்தால் அவர் எங்கள் ஒன்றுவிட்ட பெரியப்பா. அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்து, தன் முந்தானையை அத்தானின் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் அத்தான் சொன்னார்: "வாளி கை நழுவி விழுந்துட்டு சார்." வெளியே நின்ற சித்தப்பா அதைக் கேட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அந்தக் காது அப்புறம் கேட்கவே இல்லை. அக்கா இன்றைக்கும் அத்தானுக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். சித்தப்பா சாகும்வரை எந்தப் பந்தியிலும் வாளியைத் தொடவில்லை.

இப்போது எங்கள் விசேஷங்களில் தொப்பி போட்ட காண்ட்ராக்ட் ஆட்கள் பரிமாறுகிறார்கள். சண்டையே வருவதில்லை. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தான், சொதிமேல் ஆசை இருந்தும், எப்படியும் வற்புறுத்தி ஊற்றுவார்கள் என்ற பழைய பழக்கத்தில் இலையைக் கையால் மறித்து "போதும், போதும்" என்றார். பரிமாறியவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அத்தானின் கை கொஞ்ச நேரம் இலைக்கு மேல் அப்படியே நின்றது.