பெடலுக்குள் வைத்த சந்தனம்

காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தை முறுக்கிக் காட்டும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை நானே கட்டியிருந்தேன். சத்தத்தை அழகாகக் கெடுப்பதுதான் அதன் வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் அது அசிங்கமாகக் கெடுக்க ஆரம்பித்தது. கம்பியை மெதுவாகத் தட்டினாலும் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் கரகரத்தது.

ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டையில் கல்யாணக் கச்சேரி. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் எனக்கு முதல் வாய்ப்பு. ஒத்திகையில் குழுத் தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். “வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணிக்கினு வாப்பா. இல்லாங்காட்டி அரக்கோணத்துல ஒரு கிட்டார்காரர் கீறாரு, அவர கூப்டுக்குறேன்” என்றார். நாற்பது வயதில் கிடைத்த மேடை.

பழியை ஆப்-ஆம்ப் மேல் போட்டேன். சத்தத்தைப் பெருக்குகிற அந்த எட்டுக்கால் ஐ.சி.யை, மேலே இருந்த சாக்கெட்டிலிருந்து பிடுங்கி மூன்று முறை மாற்றினேன். மூன்றும் ஒரே குரலில் கரகரத்தன.

“கெடுக்கறதுக்குத்தானே அந்தப் பொட்டி. கெடுத்தா ஏன் கோவப்படுறீங்க?” என்றாள் மனைவி. நான் நாலாவது ஐ.சி.யைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி ஒன்பது வோல்ட். ஐ.சி. அதன் நடுவில், நாலரையில் நிற்க வேண்டும். அப்போதுதான் அலை மேலும் கீழும் ஒரே அளவு ஆடும். மீட்டர் இரண்டு காட்டியது. அலை கீழே இறங்க இடமில்லாமல் தரையில் முட்டிக்கொண்டிருந்தது. எங்கேயோ மின்சாரம் கசிகிறது. சர்க்யூட் பலகையைக் கழற்றித் திருப்பினேன். சால்டர் புள்ளிகளின் மேல் வட்டமாக, ஈரம் காயாத சந்தனம். நடுவில் குங்குமம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஆங், நான்தான் வெச்சேன். மலைக்கோயில் சந்தனங்க. மேல வெச்சா மிதிப்பீங்க. சாமி சந்தனத்த மிதிக்கலாமா? அதான் தெறந்து, பலகைய தூக்கி அதுக்கு அடியில வெச்சேன்.”

இதில் நான் எந்த இடத்தில் கோபப்படுவது என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சந்தனத்தைக் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்பார்கள் எங்கள் ஊரில். ஐ.சி.க்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சைக் குப்பையில் போட அவள் விடவில்லை. கறிவேப்பிலைச் செடியின் அடியில், கால் படாத மூலையாகப் பார்த்துப் புதைத்துவிட்டு வந்தாள்.

மீட்டர் நாலரைக்கு வந்தது. வாசித்துப் பார்த்தேன். முறுக்கும் இருந்தது, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகவும் கேட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை தலைவர் முழுப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“பொட்டி சூப்பரா கீது. முன்ன கரகரப்புல ஒண்ணுமே தெரியல. நீ எங்கெங்க தப்பா புடிக்கிறன்னு இப்பதான் சுத்தமா கேக்குது.”

அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுருட்டினேன். அவர் என் தோளில் கை வைத்து, தணிந்த குரலில்தான் சொன்னார்.

“ஞாயித்துக்கெழமைக்குப் பொட்டிய மட்டும் குடுத்தனுப்புப்பா. அரக்கோணத்துக்காரர் வாசிச்சுக்குவாரு.”