எஸ்தரின் அளவு

மஸ்கட்டில் காலையில் என் முதல் வேலை, வருகிறவர்களின் முதுகைப் பார்ப்பது. கடலில் முக்குளிக்க வரும் பெண்கள் திரும்பி நிற்பார்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை கண்ணாலேயே அளப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இப்படிப் பார்த்தால் செருப்பு பிய்ந்துவிடும். இங்கே 'தேங்க்யூ' சொல்கிறார்கள். ஒன்பது வருஷமாகிறது, அலுத்துவிட்டது.

முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டரைத் தாங்குகிற, காற்றடைத்தால் மிதக்கவைக்கிற ஜாக்கெட்டை ஆளுக்கேற்பச் சரிசெய்து, அவர்களோடு கடலுக்குள் இறங்குவதுதான் என் தொழில். ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. குள்ளமானவர்கள் வந்தால் பெரும்பாடு. தோள்வார் தொளதொளத்தால் ஜாக்கெட் காதுவரை ஏறும், சிலிண்டர் பின்மண்டையில் இடிக்கும். அதைக் கீழிறக்கிக் கட்டி, காற்றடைத்துப் பார்த்து, மூச்சுக்கு இடம்விட்டுப் பட்டையை இறுக்க வேண்டும். இன்னும் சின்ன அளவு வாங்கலாம் என்று ஓமானி மேலாளரிடம் சொன்னேன். "நீ ஒன்றும் அவ்வளவு குள்ளமில்லை" என்று ஆறுதலாகத் தோளைத் தட்டிவிட்டுப் போனார் மனிதர்.

இரண்டு வருஷத்துக்கொருமுறை நான்தான் ஊருக்குப் போவேன். இம்முறை என் மனைவி எஸ்தர் ராஜபாளையம் மில்லில் லீவு போட்டுவிட்டு விசிட் விசாவில் வந்தாள். நாலே முக்கால் அடி உயரம். பகலெல்லாம் நான் இருக்கும் கடலடியை ஒருதடவையாவது அவள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. போனில் எவ்வளவு சொன்னாலும் "ம்" என்பாள், அவ்வளவுதான்.

அவளை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி ஜாக்கெட்டை மாட்டிவிட்டேன். எத்தனையோ பேருக்கு மாட்டிய கை அன்று பயந்துவிட்டது. சின்ன வயதில் கான்சாபுரம் கிணற்றில் நீச்சல் பழக, சித்தப்பா என் முதுகில் காலி டின்னைக் கட்டிவிடுவார். "இறுக்கிக் கட்டணும்லே, நழுவுனா போச்சு" என்பார். அந்தப் புத்திதான் வந்தது. காற்றடைக்கும் முன்பே வாரையெல்லாம் கடைசிவரை இழுத்துவிட்டேன். அடைத்ததும் ஜாக்கெட் அவள் நெஞ்சை நெரித்தது.

"என்னங்க, மூச்சு முட்டுது! அவுத்து விடுங்க!"

"ஏட்டி, செத்த பொறு, காத்த எடுத்துடுதேன்..."

"ஒண்ணும் வேணாம். உங்ககூட இருக்கணும்னு வந்தேன். தண்ணிக்குள்ள போறதுக்கா வந்தேன்?"

கரையேறிவிட்டாள். தப்பு முழுக்க என்னுடையது. அன்று மாலையே அந்த ஜாக்கெட்டை அவள் அளவுக்குச் சரியாக வைத்துக் கொக்கியில் தொங்கவிட்டேன், மனம் மாறுவாள் என்று. மாறவில்லை. மீதி நாளெல்லாம் கடலைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

அவள் விமானம் ஏறிய மறுநாள் குட்டையான ஒரு பெண் வந்தாள், எந்த நாடோ. நான் வேறொன்றை எடுப்பதற்குள், கொக்கியில் இருந்த எஸ்தரின் ஜாக்கெட்டை அவளே மாட்டிக்கொண்டாள். ஒரு வாரைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. காற்றடைத்து, நன்றாக மூச்சிழுத்து, "பெர்ஃபெக்ட்" என்று சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்! "நோ, நோ, ராங் சைஸ்" என்று சொல்லி, எல்லா வாரையும் முழுக்கத் தளர்த்திவிட்டு, முதலிலிருந்து இறுக்க ஆரம்பித்தேன்.