வேலி தாண்டாத எலிகள்

கூண்டுக்குள் கையை விடும் முன் மெரில் டகன் எலியைத் திட்டித் தீர்த்துவிடுவார். "வாடா குண்டா. நேத்து பூரா என்னத்தைக் கிழிச்சே? நாலு உருண்டைக்கே உனக்கு மூச்சு வாங்குதா?" எலி அவர் கோட்டுக் கைக்குள் புகுந்து முழங்கை வரை ஏறிவிடும். மனிதர்களிடம் அவர் இவ்வளவு பிரியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அடிலெய்டில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் அவர் அறையும் என் அறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. என் எலிகள் அவசரக் குடுக்கைகள். சற்றுப் பொறுத்தால் நாலு சர்க்கரை உருண்டை கிடைக்கும் என்று தெரிந்தும், உடனே கிடைக்கும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடுபவை. அவருடையவை எதற்கும் அசையாதவை. இரண்டு கோளாறுமே மூளைக்குள் டோபமீன் என்ற ஒரே ரசாயனத்தைச் சுற்றித்தான். கோபத்தைப் பொறுத்தவரை மெரில் என் எலிகளின் ஜாதி. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, குட்டையாகக் கத்தரித்த நரைமுடி, கோட்டுக்குக் கீழே எப்போதும் அரைக்கால் சட்டை. கோபம் வந்தால் கழுத்துதான் முதலில் சிவக்கும்.

பத்திரிகைக்காரர் ஒருவர் ஒருமுறை டோபமீனை "மகிழ்ச்சி ரசாயனம்" என்று சொல்லிவிட்டார். "மகிழ்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது! இங்க வாய்யா" என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார் மெரில். டோபமீன் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்த எலி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். நக்கி, உதட்டைத் துடைத்து, விரல்களையும் நக்கியது. பிறகு ஒரு சாண் உயர வேலிக்கு அப்பால் உருண்டைகளைக் குவித்துவைத்தார். எலி பார்த்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு இனிப்பு பிடிக்கலைன்னு சொல்லுவியா? பிடிக்குது. ஆனா வேலியைத் தாண்டணும்னா உள்ளேருந்து ஒண்ணு உந்தணும். அதுதான் இல்லே. இதை எவனாவது சோம்பேறின்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்."

அந்தச் சொல் எங்கள் தளத்தில் விலக்கு. யார் வாயிலிருந்து வந்தாலும், யாரைப் பற்றி வந்தாலும், புதன்கிழமை காலைத் தேநீருக்கு எல்லாருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். துறைத் தலைவரே இரண்டு முறை லாமிங்டன் கேக் வாங்கி வந்திருக்கிறார். புதிதாக வந்த மாணவி, தன் அறைத்தோழன் பாத்திரம் கழுவுவதில்லை என்று சொல்லும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டு விழித்தாள். "சாக்லேட் போட்டது வாங்கு" என்றார் மெரில், சிரிக்காமல்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் அவருடைய தம்பி ஷேன். அக்காவின் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறையில் இருக்கிறார். இருபது வயதில் மனச்சிதைவு வந்தது, இப்போது நாற்பத்தாறு. காதில் கேட்ட குரல்களை மருந்து அடக்கிவிட்டது. படுக்கையை விட்டு எழுந்திருப்பதற்குத்தான் இன்றுவரை மருந்தில்லை. தட்டைக் கையில் கொடுத்தால் ரசித்துச் சாப்பிடுவார், வானொலியில் கிரிக்கெட் வர்ணனையாளரைக் கிண்டல் செய்வார். அதே தட்டு சமையல் மேடையில் இருந்தால் நாள் முழுக்கப் பட்டினி கிடப்பார். தினமும் காலையில் சமோவாத் தீவுக்காரி லோசா வந்து, பாட்டை முனகிக்கொண்டே அவரை எழுப்பி, குளிக்கவைத்து, முற்றத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். அவளுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. லோசா இல்லையென்றால் ஷேனுக்கு அந்தக் கட்டில்தான் உலகம்.

போன வருடம் லோசா தன் அப்பாவின் சாவுக்கு ஊருக்குப் போனாள். திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் மெரில், எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனத்தைச் செய்தார்.

ஷேனுக்குச் சின்ன அட்டைப்பெட்டியில் விற்கும் ஐஸ் காபி என்றால் உயிர். முதல் வாரம், எழுந்து உட்கார்ந்தால் ஒரு பெட்டி. அடுத்த வாரம், குளித்தால்தான். பிறகு தெருமுனை வரை நடந்தால்தான். தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். ஷேன் கடை வரைக்கும் நடந்தார்! மெரிலுக்குத் தலைகால் புரியவில்லை. வருடாந்தர விசாரிப்புக்காக, லோசாவுக்குச் சம்பளம் கொடுக்கும் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, "கடை வரைக்கும் தானா போறான் தெரியுமா!" என்று பீற்றிக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அதே மாதம் எங்கள் கூடத்தில் குடும்பத்தாருக்கான பார்வை நாள். ஷேன் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு எலி, உருண்டைக்காக நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்தது. மாணவி உற்சாகமாக விளக்கினாள். "முதல்ல ஒரு தடவை அழுத்தினா ஒரு உருண்டை. அப்புறம் ரெண்டு தடவை, நாலு தடவைன்னு ஏத்திக்கிட்டே போவோம். எந்த இடத்துல போதும்டான்னு விடுதுன்னு பாப்போம்."

ஷேன் வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

"நான் எந்த இடத்துல விடுவேன்னு நெனச்சே, மெரில்?"

அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், அதன்பின் தானாக எழுந்திருக்கவில்லை. ஐஸ் காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் மெரில் தீவன டப்பாவை உதைத்த உதை இரண்டு அறை தள்ளிக் கேட்டது. "வருசக்கணக்கா எலியைப் பாத்துப் பாத்து, கூடப் பொறந்தவனைப் பாக்கத் தெரியாமப் போச்சு எனக்கு. இந்தப் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையிலதான் போடணும்" என்று கத்தினார். எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

லோசா திரும்பி வந்தாள். ஆனால் கடைக்குத் தானாகப் போகிறவருக்கு உதவிக்கு ஆள் எதற்கு என்று அலுவலகம் கேட்டது. நேரில் பார்த்து முடிவு செய்ய ஜாரட் என்ற இளைஞனை அனுப்பியது. எங்கள் ஊர் பிப்ரவரிக் கோடை வெயில், ஷேன் அறையின் தகரக் கூரை. துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார் மெரில்.

"என்ன தலைவா, கடைக்கெல்லாம் நடையைக் கட்டறீங்களாமே!" என்று சிரித்துக்கொண்டே வந்தான் ஜாரட். ஷேன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நடந்தது அத்தனையையும், தன் முட்டாள்தனம் உட்பட, மெரில் ஒளிக்காமல் சொன்னார்.

"எல்லாம் சரிங்க. ஆனா அன்னிக்கு நடந்த அதே கால்தானே? மனசு வச்சா முடியும்னுதானே ஆகுது?"

மெரில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்கே அவனைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது. கால் முறிந்தவனைப் பார்த்து இப்படிக் கேட்பானா? மூளை முறிந்தால் மட்டும் ஆளாளுக்கு மனசைப் பற்றி உபதேசம்.

"தண்ணி" என்றார் ஷேன். அவருடைய மருந்து நாக்கை வறளவைத்துவிடும்.

மெரில் எழுவதற்குள் ஜாரட் முந்திக்கொண்டான். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, கட்டிலுக்கு எதிரே ஜன்னலோரத்து மேஜையில் வைத்தான்.

"ஒரு பத்து நிமிஷம் பாப்போம். அவரே எந்திரிச்சு எடுத்துக்கிட்டா, ஆள் தேவையில்லே. எடுக்கலேன்னா, 'இவரால முடியாது'ன்னு நானே எழுதிடறேன். லோசா எப்பவும்போல வரட்டும். நியாயந்தானே?"

நியாயம்தான். பழுதில்லாத சோதனை. ஷேன் எழுந்திருக்கமாட்டார் என்பது இந்த நாட்டில் வேறு யாரையும்விட மெரிலுக்கு நன்றாகத் தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், லோசா நிலைத்துவிடுவாள். மெரில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

ஷேன் தம்ளரைப் பார்த்தார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது. மின்விசிறி ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. ஜாரட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பொறு மெரில், கொஞ்சம் பொறு என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஷேனின் கண்கள் தம்ளரை விட்டு அக்காவின் முகத்துக்கு வந்தன.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, மெரில் எழுந்தார். மேஜைக்குப் போய்த் தம்ளரை எடுத்துவந்தார்.

"அடடா, என்னங்க இது! இப்ப நான் என்னத்தை எழுதறது?" என்றான் ஜாரட்.

மெரில் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் பிடரிக்கடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கி, தம்ளரை அவர் வாயில் வைத்துச் சாய்த்தார்.