குசினி அலுமாரிக்கு வள்ளத்து நீலம்

புத்தூரில் ஒரு வீட்டு மதிலுக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டு நின்றேன். போன் மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் கட் பண்ணினேன். கையெல்லாம் பெயின்ற். நாலாம் தடவை எடுத்தேன். சண்டிலிப்பாயில் தவமணி அக்காவுக்குப் பக்கத்து வீட்டு வசந்தி அன்ரி.

"தம்பி, தவமணி மோசம் போயிட்டா. விடிய தேத்தண்ணி வைக்கப் போனவ, குசினிக்குள்ளையே இருந்திட்டா."

எந்த அலுமாரிக்குப் பக்கத்தில் என்று கேட்டேன். செத்த வீட்டுச் செய்தி சொல்பவரிடம் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். அன்ரி கோபிக்கவில்லை. சிங்குக்குக் கீழே உள்ளதற்குப் பக்கத்தில் என்றார். அது நான் கடைசியாக முடித்த கதவு.

உங்களில் பலர் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அந்த வீட்டுக்கு வந்தீர்கள். சாப்பிட்டீர்கள். ஆளுக்கொரு கல்வெட்டும், செத்தவரின் நினைவாக அடிக்கிற அந்தச் சின்னப் புத்தகம், வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்தப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் அக்காவைப் பற்றி "அண்ணன் சொல் தட்டாத தங்கை" என்று அச்சடித்திருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அச்சடிப்பித்தவர் கனடாவில் இருந்து வந்த அண்ணன்காரர். அவருடைய பெயர் அதில் ஆறு இடத்தில் வருகிறது. ஏழாவதாக நான் இங்கே எழுதப்போவதில்லை.

அக்கா சொல் தட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். பிரஷ் என் கையில் இருந்தது.

போன வருடம் மாரி முடிந்த கையோடு அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் கம்பஸ் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். அது அவருக்கு முதலே தெரிந்திருந்தது. வாசலில் வைத்தே கேட்டார்: "கம்பசை இடையிலை விட்டனியாம். என்ரை கதவுகளையாவது முடிப்பியோ?"

எத்தனை கதவு என்று கேட்டேன். பதினொன்று என்று குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். பார்த்ததும் எனக்கு வேலை செய்யும் எண்ணமே போய்விட்டது. பதினொன்றும் முதிரை மரம். வெயில் பட்ட இடமெல்லாம் நெய் பூசியதுபோல மினுங்கின. முதிரைக்குப் பெயின்ற் அடிப்பது விசர் வேலை, வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிடுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

யோசனை இரண்டு கிழமை இழுத்தது. ஒரு நாள் வா என்பார், போனால் வேண்டாம் என்பார். வேறு யாரென்றால் அந்தப் பக்கமே திரும்பியிருக்கமாட்டேன். ஆனால் போகிற ஒவ்வொரு நாளும் அவர் துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அந்தக் கதவுகளைத் துடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். துடைக்கிறவருக்கு ஏன் பெயின்ற் என்று விளங்கவில்லை. வசந்தி அன்ரிதான் சொன்னார். அக்காவின் அப்பா கடற்கரையில் வள்ளங்கள் வைத்திருந்தவர். இடம்பெயர்ந்து சண்டிலிப்பாய்க்கு வந்து, அக்காவின் கலியாணத்துக்கென்று அந்த வீட்டைக் கட்டினார். அலுமாரிகளும் அதற்கென்றே செய்வித்தவை. மாப்பிள்ளை வீடு சம்மதித்திருந்தது. தான் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு நடத்துவோம், பொறுங்கோ என்று சொல்லிவிட்டு அண்ணன்காரர் போனார். அவர்கள் இரண்டு வருடம் பொறுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் கலியாணம் செய்தார்கள். அக்கா அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டு அந்தக் குசினியில் நின்றார்.

இரண்டாம் கிழமை முடிவில் ஒரு காலை நான் போனபோது அவர் போனில் அண்ணன்காரரோடு வீடியோவில் கதைத்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. அந்த மனிதர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தவம், உதுக்கு ஒண்டும் செய்துபோடாதை. எங்கடை அப்பா பாத்துப் பாத்துச் செய்வித்தது. நான் ஆடியிலை வந்து கழட்டிக்கொண்டு போறன். என்ரை புதுக் குசினிக்கு அளவு பாத்திட்டன், அச்சொட்டா வரும். அதுமட்டும் வடிவாத் துடைச்சு வை."

போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "கேட்டனியே? அப்பா எங்கடை. குசினி என்ரை. அலுமாரி உது. இதிலை நான் எங்கை நிக்கிறன்?"

பேசுகிறவரிடம் இல்லாமல் கேட்கிறவர் பக்கத்தில் கிடக்கும் சாமானைத்தான் நாங்கள் உது என்கிறோம். இலக்கணப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. "நீங்கள் துடைக்கிற இடத்திலை நிக்கிறியள்" என்றேன். எனக்கு வாய் அப்படித்தான். அக்கா துணியைச் சிங்குக்குள் போட்டார். சிரித்தார்.

"நாளைக்குப் போய் வள்ளத்துக்கு அடிக்கிற நீலம் வாங்கிக்கொண்டு வா."

குசினிக்கு அது சரிவராது, மணம் ஒரு மாதத்துக்குப் போகாது, சோறும் மணக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "மணக்கட்டும். உப்புத் தண்ணியே தின்னாத பெயின்ற். அவர் திண்டு பாக்கட்டும்" என்றார்.

இனி என் பிழை. பழைய வார்னிஷ் முழுக்கப் போக உரஞ்ச வேண்டும், பெயின்ற் மரத்துக்குள் இறங்க வேண்டும் என்று அக்கா தெளிவாகச் சொன்னார். வள்ளக்காரரின் மகளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ஆறு கதவுக்கு வார்னிஷுக்கு மேலேயே அடித்தேன். சோம்பல்தான், ஆனால் பாதிதான் சோம்பல். அண்ணன்காரர் வந்து நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் அக்கா இளகிவிடுவார், அப்போது உரித்துக்கொள்ளலாம் என்று மற்றப் பாதி நினைத்தது. யாரும் கேட்காமலே அந்த மனிதருக்கு ஒரு வழி வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா கறி அகப்பையோடு வந்து ஒரு கதவின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் கிளப்பினார். ஒரு விரல் நீளத்துக்கு நீலம் தோலாகக் கழன்று வந்தது. கீழே முதிரை ஒரு கீறலும் இல்லாமல் மினுங்கியது. அந்தத் தோலை என் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, நீ எனக்கு அடிக்கேல்லை. அவருக்குப் பொத்தி வைச்சிருக்கிறாய்."

தோலை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு சாண்ட் பேப்பரை எனக்கு எறிந்துவிட்டு, இன்னொன்றோடு தானே உரஞ்சத் தொடங்கினார். நாலு நாள். பதினொரு கதவும். அவருடைய நரைத் தலை முழுக்க மஞ்சள் மரத்தூள். கடைசிக் கதவும் வெறும் மரமாக வந்த பிறகு, கையை விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். வேண்டாமென்றால் இப்போதும் சொல்லுங்கோ என்றேன்.

"அடி" என்றார்.

அடித்தேன். மூன்று பூச்சு. என் வாழ்க்கையில் இடையில் விடாமல் முடித்த முதல் காரியம் அது.

அதற்குப் பிறகு அக்கா முற்றத்தில் நின்றுதான் அண்ணன்காரரோடு வீடியோவில் கதைப்பார். உள்ளே கவரேஜ் இல்லை என்பார். நான் சும்மா அந்தப் பக்கம் போனால் நீலக் கதவுகளைக் காட்டி, ஆடிக்கு எத்தனை கிழமை இருக்கிறது என்று கேட்பார். "அவர் குசினிக்குள்ளை வரேக்கை அந்த முகத்தைப் பாக்கோணும் தம்பி. பிறகு எனக்கு ஒண்டும் வேண்டாம்." ஆனி முடிய நாலு நாள் இருந்தது. அக்கா போய்விட்டார்.

அண்ணன்காரர் வரும்வரை மூன்று நாள் அக்காவை வைத்திருந்தார்கள். அக்காவைக் காத்திருக்க வைப்பது அவருக்குப் பழக்கம். எடுக்கிற அன்று காலையில் இருந்தே நான் குசினிக்குள் நின்றேன். பந்தல் கட்டக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அவர் வந்தார். பிரேதப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பெரிதாக அழுதார். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

அழுகை வாசலிலேயே நின்றுவிட்டது. பதினொரு கதவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொக்கற்றில் இருந்து திறப்புக் கொத்தை எடுத்து, ஒரு சாவியின் நுனியால் அக்கா நகம் வைத்த அதே கதவின் ஓரத்தைச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை.

"உதென்ன உது? ஆர் உதை அடிச்சது?"

"நான்தான்."

"உரிக்கலாமே?"

"உரிக்கேலாது. அக்காவே உரிச்சுப் பாத்திட்டா."

தண்ணீர் குடிக்காமலே ஸ்டூலில் இருந்துவிட்டார். அந்த வீட்டில் அன்று அவருக்கு உண்மையாகத் துக்கம் வந்த இடம் அதுதான். நான் விலகிப் போகவில்லை. அக்கா பார்க்க இருந்த முகம். அவருக்குப் பதிலாக, அவசரப்படாமல், நன்றாகப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து அதே மனிதர்தான் அந்த வரியை அச்சடித்து உங்கள் கையில் தந்தார். ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. கல்வெட்டின் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து, "தட்டாத" என்பதைப் பேனையால் வெட்டி, "தட்டிய" என்று எழுதுங்கோ. அக்காவின் ஆத்மசாந்திக்கு அது போதும்.

அக்கா என் கையில் வைத்த நீலத் தோல் இன்னும் என் பேர்ஸில் இருக்கிறது. நான் அண்ணன்காரருக்காக அடித்த பெயின்றில் மிஞ்சியது அது மட்டும்தான். வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். ஒரு விரல் நீளம். அந்தக் குசினியில் அவருடைய பங்கு அவ்வளவுதான்.