காரை ஓட்டிக்கொண்டே திருகிய குமிழ்

திருவொற்றியூரில் வாங்கிய என் பழைய காரின் டிக்கியில், பேஸ் ஒலிக்கென்று காற்றுத் துளை வைத்த சப்வூஃபர் பெட்டியைப் பொருத்தினேன். ஆம்பிளிஃபயர் என் சீட்டுக்கு அடியில். பாட்டில் பேஸ் இறங்கினாலே ஸ்பீக்கர் படபடவென்று அடித்துக்கொண்டு கடைசியில் கிழிந்தது. புதிதாக மாட்டியதும் அதே படபடப்பு. வெறுத்துப்போனேன்.

ஒரு ஞாயிறு மனைவி செல்வியோடு எண்ணூர் போகையில், படபடப்பை நிறுத்த ஓட்டியபடியே குனிந்து ஆம்பிளிஃபயரின் ஃபில்டர் குமிழைத் திருகினேன்.

"யோவ், முன்னாடி பாருய்யா!" என்று செல்வி அலறினாள்.

பிரேக்கை மிதித்தேன். எதிரே நின்றிருந்த கன்டெய்னர் லாரியை இடிக்க ஒரு சாண் இருக்கையில் கார் நின்றது.

"உசுரு போச்சுன்னா பாட்டு கேக்க யாருய்யா கீறாங்க?" என்று அழுதாள்.

காரை ஓரங்கட்டி, ஆம்பிளிஃபயரை நிதானமாகப் பார்த்தேன். நான் திருகியதெல்லாம் மேல் ஒலியை வெட்டும் குமிழ். மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரின் ஸ்விட்ச் அணைந்தே கிடந்தது. துளைப் பெட்டியில் அந்த ஒலிதான் ஸ்பீக்கரைக் கட்டுப்பாடின்றி உதறவைக்கும். ஸ்விட்சைப் போட்டதும் படபடப்பு நின்றது. இதற்காகவா இத்தனை அவஸ்தை என்று எரிச்சலாக வந்தது.

இப்போதெல்லாம் துளைப் பெட்டி என்றால் முதலில் அந்த ஃபில்டரைப் போடுகிறேன். எதைத் திருகுவதானாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான். செல்வி மட்டும் இன்னமும் ரோட்டைப் பார்ப்பதில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.