வேலியோரக் கிழங்கு

எனக்குப் பூப் பைத்தியம். மலையடிவாரத்தில் பிறந்து, கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். வந்த வருடமே வீட்டைச் சுற்றி டேலியா, சாமந்தி, ரோஜா என்று வைத்துத் தள்ளினேன். "பூவையா வேகவெச்சுத் திங்கறது? ரெண்டு மரவள்ளிக் குச்சிய நட்டாலும் ஆகும்" என்பார் வீட்டுக்காரர். "உங்க மரவள்ளியத் தலைல வெச்சுக்க முடியுங்களா?" என்பேன். வாய்க்கொழுப்புக்கு என்னிடம் என்றும் குறைவில்லை.

மகள் பிறந்ததும் தோட்டம் அவளுக்கென்றே ஆகிப்போனது. ஏழு வயதிலேயே இடுப்பைத் தொடும் முடி. பெருமைதான், மறைப்பானேன்? தினமும் இரட்டைச் சடை போட்டு, அன்று பறித்த பூவை வைத்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்புவேன்.

ஒரு மழைக்காலத்தில் ஓடையோரம் செங்காந்தள் பூத்திருந்தது. எங்கள் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். அடுப்புத் தீ மாதிரி மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். கிழங்கு விஷம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தோண்டி மடியில் கட்டி வந்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "காட்டுல இருக்கற வரைக்குந்தான் அது பூவு, புள்ள. ஊட்டுக்குக் கொண்டாராத" என்றார். கேட்டேனா? வேலியோரம், வள்ளிக்கிழங்குக் கொடிகளுக்கு நடுவே புதைத்துவிட்டேன். இரண்டும் கொடிதானே, ஏறுவதற்கு ஒரே வேலி போதும் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

மலையில் கிழங்கைத் தோண்டி வீட்டுக்குள் குவித்து வைப்பதில்லை. மண்ணிலேயே விட்டுவைத்து, வேண்டிய அன்று வேண்டிய அளவு எடுத்துக்கொள்வார்கள். பசித்தால் தோண்டி, அடுப்புச் சாம்பலில் சுட்டுத் தின்னப் பிள்ளைகளுக்குச் சின்னதிலேயே பழக்கிவிடுவார்கள். என் மகளையும் அவள் அப்பா அப்படித்தான் பழக்கியிருந்தார். நான் கீழே பிறந்தவள். பூ வைத்த இடம் எனக்குப் பூவுக்கான இடம். அவளுக்கு வேலியோரம் என்றால் சோறு. இது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த ஆவணியில் செங்காந்தள் பூத்தது. பாதையில் போனவர்களெல்லாம் நின்று பார்த்துப் போனார்கள். மார்கழிக்குள் இரண்டு கொடியும் காய்ந்து சருகாகி, எது எதுவென்று தெரியாமல் போனது. விஷக்கிழங்கு இருந்த இடத்தில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு பழைய தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பிறகு புது டேலியா ஒன்று கிடைத்தது. வேறு தொட்டி இல்லை. அதையே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், நானும் வீட்டுக்காரரும் மிளகு பறித்துவிட்டு மத்தியானம் திரும்பினோம். மகள் வாசலில் தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "அம்மா, கெழங்கு சுட்டுத் தின்னேன். இந்தத் தடவ ஒரே கசப்பும்மா. பாதிதான் தின்னேன்" என்றாள்.

வேலியோரம் புது மண் கிளறிக் கிடந்தது. சாம்பலில் கிடந்த மீதிக் கிழங்கு, கலப்பை மாதிரி வளைந்து இரண்டு விரல்களாகப் பிரிந்திருந்தது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள் ஒற்றைக்காலில் தாவிக்கொண்டிருந்தாள், சிரித்தாள், அடுத்த கட்டத்துக்குக் கல்லை எறிந்தாள். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இனிமேல்தான் ஆகப்போகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

"ஏனுங்க, வண்டிய எடுங்க. அது கண்வலிக்கிழங்குங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மிளகு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எழுபது கொண்டை ஊசி வளைவு. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள். நாளைக்கு மஞ்சள் சாமந்தி வேண்டுமாம், ரோஜா குத்துகிறதாம். "ஆகட்டும் சாமி, ஆகட்டும்" என்றேன். ஒவ்வொரு வளைவிலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பாதி மலை இறங்கியதும் பேச்சு நின்றது. "அம்மா, வவுறு வலிக்குது" என்றாள்.

ஆஸ்பத்திரியில் முந்தானையிலிருந்து மீதிக் கிழங்கை எடுத்து நீட்டினேன். டாக்டர் முகம் மாறியதைப் பார்த்தேன். வாந்தியும் பேதியுமாக எத்தனையோ நாள். கடைசியில், "பொழச்சுட்டா. ஆனா இன்னும் கொஞ்ச நாளைக்குக் கவனமாப் பாத்துக்கங்க" என்றார். இன்னும் என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் எண்ணெய் தேய்த்துச் சீப்பை வைத்தேன். முடி கொத்தாகக் கையோடு வந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. "என்னம்மா நிறுத்திட்ட? பின்னி உடு" என்றாள். பக்கத்தில் தட்டில் அவள் கேட்ட மஞ்சள் சாமந்தி இருந்தது. நாலே நாளில் தலை மொட்டையாகிவிட்டது. அதுவும் அந்தக் கிழங்கு விஷத்தின் வேலைதானாம்.

வீட்டுக்காரர் இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டித் தொலைத்திருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

வேலியோரம் முழுக்க நானே கடப்பாரை போட்டுக் கிளறி, அகப்பட்டதையெல்லாம் எரித்தேன். ஆனி மழை விழுந்தது. மகளுக்கு விரல்கடை அளவு முடி முளைத்திருந்தது. "அம்மா, ஓடியா! அந்தப் பூச்செடி மொளச்சிருக்குது!" என்று வேலிப்பக்கமிருந்து கத்தினாள். நுனி சுருண்ட இலை, அதேதான். பிடுங்கி எறிந்தேன். பத்து நாள் கழித்து நாலடி தள்ளி இன்னொன்று.

அன்றைக்கு மடியில் எத்தனை கிழங்கு கட்டி வந்தேன் என்று நான் எண்ணவே இல்லை.