அடகுக்குப் போகாத தாலி

என் தாலி ஒருநாளும் அடகுக் கடைக்குப் போனதில்லை. ஆனால் இங்கே மலேசியாவில், கிள்ளானிலிருந்து செலாயாங் வரைக்கும், குடிக்காக அது அடகுக்குப் போன கதையைக் கேட்காத பெண்கள் குறைவு. சொல்லி அழுகிறவர் என் கணவர்தான். கோவில் மண்டபமோ பள்ளிக்கூடமோ, மைக் கிடைத்தால் போதும். தாலி வரும் இடத்தில் குரல் உடையும், முன்வரிசை கண்ணைத் துடைக்கும். கூட்டம் முடிந்ததும் பெண்கள் நேராக என் கழுத்தைப் பார்க்க வருவார்கள். "மீட்டுட்டீங்களா அக்கா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். நான் என்ன சொல்ல? "ம்ம்" என்றேன்.

அவர் குடியை விட்டது உண்மை. அதற்கு நான் எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் தேங்காய் உடைப்பேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடுகிறார்கள். அங்கே சுவரில் இருந்த தாளை நகலெடுத்துவந்து எங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினார். நேர்மை, பொறுமை, பணிவு, நன்றி. பொறுமை இத்தனை வருஷமும் என் இலாகாவாக இருந்தது, கேட்காமலே எடுத்துக்கொண்டார். பணிவு எந்த அளவுக்கு என்றால், "என்னவிட பணிவான ஆளு அந்த குரூப்லயே இல்ல" என்று அவரே சொல்லுவார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். குடியை விட்டவன் பேச்சு விடிந்தும் போகாது, பசியாறும்போது தோசையோடு சேர்ந்து வரும்.

அதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். என் வயிறு எரிந்தது அந்தத் தாளின் முதல் வார்த்தையை, நேர்மையை, பார்க்கும்போதுதான்.

நடந்தது வேறு. எங்கள் மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்தபோது, ஒருநாள் நான் வேலையில் மாட்டிக்கொண்டேன். "நான் போயி கூட்டிட்டு வரேன், நீ கவலப்படாத லா" என்றார். போகவில்லை. ஓட்டிவந்த லோரியை ஓரங்கட்டிவிட்டுக் குடிக்க உட்கார்ந்தவருக்குப் பிள்ளை ஞாபகமே இல்லை. பள்ளிக்கூடத்து ஜாகா, அந்தக் காவல்கார மனிதர், தான் தின்ன வைத்திருந்த ரொட்டியைக் கொடுத்து, இருட்டுகிற நேரத்தில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகுதான் இவர் வந்தார். வந்தவர், "என்னா கொழம்பு?" என்றார்.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது வேலைக்குப் போகிறாள், சொந்தக் கார் ஓட்டுகிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அம்மா, அவர சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள். அவர் குடியை விட்ட பிறகும் அதே 'அவர்'தான். அந்தக் கதையை அவர் வாயால் ஒருதரம் சொல்லி அவள் கேட்கவேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அவரோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மேலே என் தாலியை வைத்துப் பரிமாறினார்.

"ஏங்க, நடக்காதத ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நடந்தத சொன்னா எவன் கேப்பான்? தாலின்னாதான் நம்ம ஜனத்துக்குப் புரியும். ஒருத்தன் திருந்துனா புண்ணியம்தானே?"

"அப்ப அந்த தாளு எதுக்கு ஐஸ்பெட்டியில?"

பொறுமையாகச் சிரித்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

போன மாதம் செமினியில் ஒரு கோவில் மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே ரயில் போகாது. மகள்தான் ஓட்டினாள். முன் இருக்கையில் அவளுடைய கைப்பை உட்கார்ந்து வரும், நாங்கள் இருவரும் டாக்சியில் போகிறவர்கள் போலப் பின்னால். வழக்கமாக அவள் காரிலேயே இருந்துவிடுவாள். அன்று ஏர்கோன் கெட்டுப்போய் கார் வெந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, கடைசி வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

அவர் கண், காது, மூக்கு வைத்து ஆரம்பித்தார். தாலி வரவேண்டிய இடம் வந்தது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அப்போதுதான் அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"என் பொண்டாட்டி தாலிய நான் அடகு வைக்கல," என்றார். "அது பொய். எம்மவள ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரேன்னு சொன்னேன். போகல. குடிச்சிக்கிட்டு இருந்தேன். புள்ளய மறந்துட்டேன்."

சபை காத்திருந்தது. பிள்ளைக்கு என்ன ஆனது, கார் அடித்ததா, காணாமல் போனதா? ஒன்றும் ஆகவில்லை என்றதும் முன்வரிசை நெளிந்தது. கைதட்டலுக்குப் பழகிய மனுஷன், விடுவாரா?

"கொட்டுற மழையில எம்புள்ள நனைஞ்சிகிட்டு..."

"மழ பெய்யலப்பா."

கடைசி வரிசையிலிருந்து வந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நிற்கக்கூட இல்லை.

"வெயிலு. ரொம்ப வெயிலு. வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன்ப்பா."

அவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு 'அப்பா' என்று கூப்பிடப்பட்டிருக்கிறார்.

"ஆமா," என்றார். "மழ பெய்யல." மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார். மேடைக்கு மேடை அழுத மனுஷன் அன்று அழவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

கைதட்டல் ஏனோதானோ என்றிருந்தது. ஜனம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது, என் கழுத்தைப் பார்க்க ஒருத்தியும் வரவில்லை. ஏற்பாடு செய்தவர் கையைப் பிசைந்துகொண்டு, "நல்ல பேச்சுண்ணே, ஆனா போன வாட்டி செலாயாங்ல பேசுனது இன்னும் நல்லாயிருந்துச்சு" என்றார். அதன்பிறகு எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை.

வெளியே கார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் மகளின் கைப்பை முன்னாலிருந்து பறந்து வந்து என் மடியில் விழுந்தது.

"முன்னால வாங்கப்பா," என்றாள்.